24 வாரக் குளுக்கோஸ்: சாப்பிட்டுப் போகலாமா, வெறும் வயிற்றிலா?

ஐந்து, ஆறு மாதக் கர்ப்பிணிகள் எழுதும் கடிதங்களில், கர்ப்பகாலச் சர்க்கரைக்கான குளுக்கோஸ் சோதனை பற்றி ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை' என்கிறார்கள். தனியார் லேபில் 'ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வாங்க' என்கிறார்கள். ஒருவருக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள், இன்னொருவருக்கு மூன்று தடவை. 'மூன்றாம் மாதமே சர்க்கரை இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று, மறுபடி எதற்கு?' என்று கேட்கிறார் ஒரு வாசகி. இந்த மறு சோதனைக்கு உரிய காலம் 24 முதல் 28 வாரம் வரைதான். பதிலுக்குக் காத்திருக்கும்போதே அது கடந்துவிடக்கூடும். ஆகவே இந்த முறை இதற்கே அதிக இடம்.

வாசகியின் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் மாதம் தாண்டும்போது நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தளர்த்திவிடுகின்றன. சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை தாயின் தசைகளுக்குள் உடனே போகாமல், ரத்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. அப்படித் தங்கினால்தான் குழந்தைக்குத் தாராளமாகப் போய்ச் சேரும். இதுவரை இது நோய் அல்ல, குழந்தைக்காக உடல் செய்யும் ஏற்பாடு. தாயின் கணையம் வழக்கத்தைவிட வெகுவாகக் கூடுதலாக உழைத்து இதை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கொடி சிறியது, இந்தச் சுமையும் இல்லை. அன்று 'இல்லை' என்று வந்த முடிவு ஆறாம் மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று என்று மத்திய அரசின் வழிகாட்டியே சொல்வது இதனால்தான்.

கவலைப்பட வேண்டியது அடுத்து நடப்பது. தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னக் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் குழந்தை கொழுத்து வளர்கிறது, பிரசவத்தில் தோள் சிக்கும் ஆபத்து கூடுகிறது. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் மட்டும் உடனே குறையாது. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் சர்க்கரை அபாயமாக இறங்குவது இப்படித்தான். டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

இனி, சாப்பிட்டா வெறும் வயிற்றிலா என்ற கேள்வி. அரசு மருத்துவமனைகளில் நடப்பது சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவும் அவர் குழுவினரும் முன்னெடுத்த முறை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பது பொருட்டல்ல. இதன் பின்னால் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். இரண்டு பஸ் மாறி வரும் கர்ப்பிணியிடம் 'நாளைக்கு வெறும் வயிற்றில் வாம்மா' என்றால் பலர் திரும்பி வருவதில்லை. வந்த அன்றே முடிகிற சோதனை, வராமலே போகிற சோதனையைவிட மேல்.

ஆனால் இந்த ஒரு சோதனையே கண்டறியவும் உறுதிசெய்யவும் போதும் என்று அரசு வழிகாட்டி சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டு வருபவரின் கணையம் ஏற்கெனவே விழித்து வேலையில் இருக்கிறது. அடுத்து வரும் குளுக்கோஸை அது வெறும் வயிற்றில் இருப்பதைவிடச் சுறுசுறுப்பாகக் கையாளும். எண் குறைவாக வரும், சர்க்கரை மறைந்துகொள்ளும். இதே சென்னையில், ஒரே பெண்களுக்குச் சில நாள் இடைவெளியில் இரண்டு விதமாகவும் சோதித்து 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைத்தான் காட்டியது. வெறும் வயிற்றுச் சோதனையில் சர்க்கரை தெரிந்த பெண்களில் பெரும்பாலோரைச் சாப்பிட்ட பின் செய்த சோதனை தவறவிட்டிருந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

140 என்ற எண்ணையும் கல்லில் செதுக்கியதாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்ற அளவு வேறு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை. வெறும் வயிற்றில் 95-ம் இரண்டு மணி நேரத்தில் 130-ம் வரும் பெண்ணுக்கு, இந்த அளவைப் பின்பற்றும் லேபில் சர்க்கரை உண்டு, சுகாதார நிலையத்தில் இல்லை. 85-ம் 145-ம் வருபவருக்கு, ஒரு மணி நேர அளவு 180-ஐத் தொடாதவரை, நேர்மாறு. யாரும் பொய் சொல்லவில்லை. பல நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை கூடக்கூட ஆபத்து சீராகக் கூடுகிறதே தவிர, 'இங்கே தொடங்குகிறது' என்று ஓரிடம் இல்லை எனக் காட்டியது. கோட்டை எங்கே கிழிப்பது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு.

சுகாதார நிலையத்தில் 140-ஐத் தாண்டினால் அதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்குங்கள். தாண்டாவிட்டாலும், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, முந்தைய குழந்தை பெரிய எடை, கர்ப்பத்துக்கு முன்பே உடல் பருமன் என்று ஏதாவது இருந்தால் வெறும் வயிற்றுச் சோதனையும் வேண்டும் என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கரைசலைக் குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் சோதனை செல்லாது, மறுநாள் மறுபடி.

சர்க்கரை இருப்பது தெரிந்தால் முதல் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே வராவிட்டால் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று மேலே சொன்னதை ஊசிக்குப் பயப்படும் வீட்டாருக்கும் சொல்லுங்கள். 'ரெண்டு பேருக்குச் சாப்பிடு' என்பவர்களுக்கு ஒரு கணக்கு: கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரிதான். கூழும் கஞ்சியும் ஜூஸும் 'குடிக்கிறதுதானே' என்று கணக்கில் விடுபடுகின்றன, அவையும் சர்க்கரையை ஏற்றும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். சோதனை ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். கைக்குழந்தையும் இடமாற்றமுமாக அந்த நாளில் யாருக்கும் இது நினைவில் இருப்பதில்லை. வளையல் தட்டோடு சோதனை முடிவுகளும் பெட்டியில் போகட்டும்.

மற்ற கேள்விகள்.

ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா? வேண்டாம். 18 முதல் 20 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், பெரிய குறை தெரிந்தால் முடிவெடுக்க அவகாசம் வேண்டும்.

ஹீமோகுளோபின் இறங்கிவிட்டதே? ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஆனால் மாத்திரையை நிறுத்த அது காரணம் ஆகாது.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா? கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபியும் வேண்டாம்.

குழந்தை எப்போது அசையும்? முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில். 24 வாரம் ஆகியும் தெரியாவிட்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

குங்குமப்பூவால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? பிறக்காது.

விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் திடீர் வீக்கம்? 20 வாரத்துக்குப் பிறகு இவை ரத்தக் கொதிப்பின் அடையாளமாக இருக்கலாம். காலை வரை பொறுக்காதீர்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.