பங்காளிகள் பேசி முடிக்க ஒரு சீட்டுக்கட்டு

செட்டிநாட்டுக் கோட்டையூரின் பெரிய வீடுகளில் ஒரே உரிமையாளர் உள்ள வீட்டைக் காண்பது அரிது. பர்மா தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையுமாக நிற்கும் வீட்டில் பல பங்காளிகளுக்குப் பாத்தியதை உண்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஊரிலேயே. முன்னோரை வழிபடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ கூடும்போது, ‘வீட்டை என்ன செய்வது?’ என்ற பேச்சு எழும். குரல் ஓங்கியவர் பேசுவார், சங்கடப்படுபவர் எழுந்து போவார். அந்த வீட்டிலேயே காலம் கழிக்கும் ஆச்சியின் கருத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முடிவு தள்ளிப் போகும். அதற்குள் அடுத்த மழையில் ஓடு ஒழுகத் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட பேச்சை ஒழுங்குபடுத்தச் சீட்டுகளைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் 2000களின் தொடக்கத்தில் ‘டெமாக்ஸ்’ என்ற சீட்டு விளையாட்டை உருவாக்கியது. மரபணு ஆய்வு போன்ற சிக்கலான விஷயங்களைச் சாதாரண மக்கள் வல்லுநர் துணையின்றி விவாதிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிலிருந்து கிளைத்த ‘பிளே டிசைட்’ ஐரோப்பாவின் அறிவியல் மையங்கள் வழியாகப் பல மொழிகளுக்குப் பரவியது.

ஆடும் விதம்

நான்கு முதல் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். சீட்டுக்கட்டில் மூன்று வகைச் சீட்டுகள் முக்கியமானவை. கதைச் சீட்டில் அந்தப் பிரச்சினையால் பாதிக்கப்படும் ஒருவரின் நிலை இருக்கும். தகவல் சீட்டில் உண்மை விவரம் இருக்கும். பிரச்சினைச் சீட்டு, யோசிக்க வேண்டிய கேள்வியை எழுப்பும். ஒவ்வொருவரும் தமக்கு முக்கியம் என்று தோன்றும் சீட்டுகளைத் தேர்ந்து, ஏன் எடுத்தேன் என்று சொல்கிறார்கள். ஆகவே முதல் சுற்றிலேயே எல்லோரும் பேசிவிடுகிறார்கள். பேசத் தயங்குபவருக்கும் கையில் உள்ள சீட்டு துணை நிற்கிறது.

அடுத்தது விவாதம். ஒருவர் பேசும்போது குறுக்கே பாய்ந்தாலோ மரியாதை குறைந்தாலோ, யார் வேண்டுமானாலும் மஞ்சள் சீட்டைக் காட்டலாம். பேச்சு நின்று, தவறு சரியான பிறகே தொடரும். ‘அண்ணே, கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லக் கூச்சப்படும் தம்பிக்காகவும் மருமகளுக்காகவும் அந்தச் சீட்டு அதைச் சொல்லிவிடும். கடைசியில், சீட்டுக்கட்டிலேயே தரப்பட்ட நான்கு நிலைப்பாடுகளில் எது முழுச் சம்மதம், எது ஏற்கத்தக்கது, எது கூடாது என்று தனித்தனியே வாக்களிக்கிறார்கள். நான்குமே பொருந்தாவிட்டால் ஐந்தாவதாக ஒன்றைக் குழுவே எழுதலாம். யாரும் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

நம் ஊருக்கான கட்டு

இதை நம் வீட்டுக்கே எழுதிக்கொள்ள முடியும். தனியே வாழும் ஆச்சி, வெளிநாட்டிலிருந்து பராமரிப்புக்குப் பணம் அனுப்பும் மகன், பங்கை விற்றுக் கடனடைக்க நினைக்கும் பேரன் ஆகியோர் கதைச் சீட்டில் வரலாம். பத்திர விவரம், ஓடு மாற்றும் செலவு, ஒவ்வொரு பங்காளிக்கும் உள்ள பங்கு ஆகியவை தகவல் சீட்டில் வரும். நான்கு நிலைப்பாடுகள்: பழுது பார்த்துக் குடும்ப விசேஷங்களுக்கு வைத்திருப்பது, பாரம்பரிய ஓட்டலுக்குக் குத்தகை விடுவது, ஒரு பங்காளி மற்றவர் பங்கை வாங்கிக்கொள்வது, விற்றுப் பிரித்துக்கொள்வது.

தகவலைத் திரட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் கோட்டையூரில்தான் இருந்தன. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றது. இன்று அவை சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன.

வீட்டுக்குப் பிறகு வீதி. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. நகர்ப்புற வார்டுகளில் மக்கள் கூடிப் பேசப் பகுதி சபை என்ற அமைப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. ஊரணியைத் தூர்வாருவதா, குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது என்ற கேள்விகளை அங்கே சிறு குழுக்களாகச் சீட்டுகளுடன் பேசலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சீட்டுக்கட்டை எழுதுபவர் ஒருசார்பாக எழுதினால் ஆட்டமே மோசடியாகிவிடும். எனவே எதிரெதிர்க் கருத்துள்ள இருவர் சேர்ந்து எழுத வேண்டும். படிக்கச் சிரமப்படுபவருக்கு ஒருவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். நான்கு நிலைப்பாடுகளில் எது குடும்பத்துக்குச் சாதகம் என்ற முன்முடிவை யாரும் சீட்டில் திணிக்கக் கூடாது.

பட்டாலையில் உட்கார்ந்து சீட்டாடிப் பழகிய ஊர் இது. காசு வைக்காத இந்த ஆட்டத்தையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். அடுத்த படைப்புக்குக் குடும்பம் கூடுவதற்குள், கெட்டி அட்டையில் இருபது சீட்டுகளை எழுதி வையுங்கள். முதல் சீட்டை ஆச்சியின் கையில் கொடுங்கள்.