பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர், மறுநாள் காலையில்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் போகிற கூட்டத்தில் மூட்டுவலிக்காரர்கள் இருப்பார்கள், சர்க்கரை நோயாளிகள் இருப்பார்கள், தங்கள் ஊரில் இரண்டாம் மாடிக்குக்கூட லிஃப்ட் தேடுகிறவர்கள் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களும் 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு நடந்து முடிக்கிறார்கள். இவர்களில் பலரிடம் “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று டாக்டர் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். அது மட்டும் நடக்கவில்லை. மலையைச் சுற்றி மணிக்கணக்கில் நடக்க முடிகிற உடம்புக்கு, தெருமுனைவரை போய்வர ஏன் முடியவில்லை?

பக்திதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். பக்திக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இவர்களுக்குத் தங்கள் உடம்பின் மீதும் பிள்ளைகளின் மீதும் அக்கறை இல்லையா? அக்கறை நிறையவே இருக்கிறது. இருந்தும் மாற முடியவில்லை என்பதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ‘சோம்பேறித்தனம்’ என்று திட்டுவது இங்கே எதையும் விளக்குவதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு, பரிசு வைத்து எலிகளுக்கு ஒரு புதிர்ப்பாதையில் ஓடக் கற்றுக்கொடுத்தது. மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற பகுதி இருக்கிறது. கற்கும்போது அங்குள்ள நரம்பணுக்கள் வழி முழுவதும் சுறுசுறுப்பாக இருந்தன. பழகிய பிறகோ ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன. இடைப்பட்டதை மூளை யோசிக்காமலே ஓட்டிவிடுகிறது. பரிசை நிறுத்தியதும் இந்தத் துடிப்பு அடங்கியது. ஆனால் பரிசு மறுபடி கிடைத்ததும் பழையபடி திரும்பிவிட்டது என்று 2005-இல் அவர்கள் பதிவு செய்தார்கள். பழைய பழக்கம் அழிவதில்லை, ஒதுங்கித்தான் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் கால்கள் தாமாக டீக்கடைக்குப் போவது இப்படித்தான். அங்கே முடிவெடுக்க வேண்டிய வேலையே இல்லை.

அந்த டீக்கடை பெஞ்சை எளிதாக நினைக்கக் கூடாது. இருபது வருடச் சிநேகிதர்களும், அன்றைய பேப்பரும், அரசியல் பேச்சும் அங்கேதான். நடைக்குப் போனால் இவை இன்றே கைநழுவும். நடையின் பலனோ எப்போதோ வரப்போவது, அதுவும் ‘வராமல் போகிற ஒரு வியாதி’ என்ற வடிவில். ஒரு பொருளைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதே பொருளை இழக்கும் வலி நம்மை அதிகம் தாக்குகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பின்னால் அவர்கள் போட்ட கணக்கு. மாறச் சொல்கிற நாம் லாபத்தைப் பற்றியே பேசுகிறோம். எதிரே இருப்பவர் நஷ்டத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் நடப்பது இன்னொன்று.

“இன்னிக்காவது நடந்துட்டு வாங்களேன், டாக்டர் அவ்வளவு சொன்னாரே!”

“நாளையிலேர்ந்து போறேன், விடு.”

வற்புறுத்த வற்புறுத்த மனம் எதிர்த்திசையில் இழுப்பதை உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-இலேயே விளக்கினார். தன் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றினால், அந்தச் சுதந்திரத்தைக் காப்பதற்காகவே மனிதர் மறுப்பார். குடிப்பழக்கம் உள்ளவர்களோடு பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் வேறொரு வழியை முன்வைத்தார். மாறுவதற்கான காரணங்களை ஆலோசகர் அடுக்குவதற்குப் பதிலாக, கேள்விகள் கேட்டு, மாற வேண்டியவர் வாயாலேயே சொல்லவைப்பது. ‘பேத்தி கல்யாணத்துல நான் நல்லா நடமாடணும்’ என்று ஒருவர் தானாகச் சொல்லும் ஒரு வரிக்கு, நம்முடைய நூறு அறிவுரை ஈடாகாது.

திருவண்ணாமலைக்கு என்றே இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஊர் கொண்டாடும் மாற்றங்கள் ஒரே நொடியில் நிகழ்ந்தவை. மனம் வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டார் என்கிறது மரபு. மதுரையில் 16 வயதில் மரண அனுபவம் பெற்ற ரமணர், சில வாரங்களில், 1896 செப்டம்பர் 1 அன்று, இங்கே வந்து சேர்ந்தார். கேட்கிற நமக்கு மாற்றம் என்றால் மின்னல் போல வரவேண்டும் என்று பதிந்துவிடுகிறது. குதித்த கதையை நினைவில் வைத்தவர்கள், கிடைத்திருக்கும் திருப்புகழ்ப் பாடல்களே 1,300-க்கு மேல் என்பதை யோசிப்பதில்லை. ரமணர் விருபாட்ச குகையில் மட்டும் ஏறத்தாழ 17 வருடங்கள் இருந்தார். 1950-இல் மறையும்வரை இந்த மலையை விட்டு அவர் போகவில்லை.

சாதாரண மனிதர்களுக்கு எவ்வளவு நாள் பிடிக்கும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த நாட்களின் இடைநிலை 66. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ‘நேத்து போகல, அவ்வளவுதான், விட்டாச்சு’ என்று கைவிடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்போது கிரிவலத்தைப் பாருங்கள். நாள் காலண்டரிலேயே குறித்திருக்கிறது. பாதை எது, எங்கே திரும்புவது என்ற கேள்வி இல்லை. இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்கள் நீண்ட தூரத்தைச் சிறிய தூரங்களாகப் பிரித்துத் தருகின்றன. கூட வருபவர் இருக்கிறார். முன்னும் பின்னும் நடப்பவர்கள் நம்மை நடத்திச் செல்கிறார்கள். மறுநாள் காலை இதில் ஒன்றுகூட இல்லை. முழுச் சுமையும் தனியொருவரின் மன உறுதி மேல் விழுகிறது.

வாரம், மாதம், ஆண்டு என ஒன்று புதிதாகத் தொடங்கும்போது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் கூடுவதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். பௌர்ணமி அப்படியொரு தொடக்கத்தை மாதந்தோறும் தருகிறது. அந்த உற்சாகம் தணிவதற்குள் நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போட வேண்டும். ‘இனி நடப்பேன்’ என்ற தீர்மானத்தைவிட, ‘பால் வாங்கி வைத்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன்’ என்ற திட்டம் நன்றாகப் பலிக்கும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் சொல்கின்றன. செருப்பு என்று சொல்லும்போதே ஒன்று: பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் கிரிவலத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. புண் பட்டாலும் தெரியாது. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இது பலிக்குமா என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து பேசப்பட்டவர்களில் அது 39 சதவீதம். 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் எளிய முறையைச் சோதித்திருந்தார்கள். 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு மொபைலில் குறுஞ்செய்திகள் போயின. அவரவர் மாறத் தயாராக இருந்த நிலைக்கு ஏற்ப அவை எழுதப்பட்டிருந்தன. இரண்டு வருடத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது.

கிரிவலம் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன், கூட நடந்தவரிடம் நாளை காலை எத்தனை மணிக்கு, எந்தத் தெருமுனையில் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். டீக்கடைச் சிநேகிதராகவே இருந்தால் இன்னும் நல்லது. நடை முடிந்த பிறகு அதே பெஞ்சில் உட்காரலாம், டீயில் சர்க்கரை மட்டும் வேண்டாம்.