குக்கர் முதல் மஞ்சள் பாய்லர் வரை... கேஸ்கட்டை அலட்சியம் செய்யாதீர்கள்!

தை, மாசி வந்தால் நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் மஞ்சள் வேகவைக்கும் வேலை களைகட்டும். முன்பு கொப்பரையில் வேகவைத்தார்கள். இப்போது நீராவி பாய்லர் தோட்டத்துக்கே வந்துவிடுகிறது. பாய்லரில் நம் கண்ணுக்குத் தெரிவது கனமான இரும்பும் போல்ட்டும்தான். ஆனால், இணைப்புகளில் ஆவி கசியாமல் காப்பது, இடையில் நசுங்கிக் கிடக்கும் மென்மையான கேஸ்கட்!

மென்மைதான் பலம்

எவ்வளவு வழவழப்பான இரும்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருக்கும். இரண்டு இரும்புகளை நேரடியாக இறுக்கினால் அந்த இடைவெளியில் ஆவி கசியும். நடுவில் கேஸ்கட் வைத்தால், அது நசுங்கிப் பள்ளங்களை அடைத்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர், அமிலத்துக்கு டெஃப்லான், கடும் சூடான ஆவிக்கு கிராஃபைட் என இடத்துக்கேற்ப பொருள் மாறும். ஒருகாலத்தில் அதிகம் பயன்பட்ட கல்நார், புற்றுநோயை உண்டாக்கும் என்பதால் பல நாடுகளில் தடை செய்யப்பட்டுள்ளது.

மூடியில் 300 கிலோ!

நம் வீட்டு குக்கரையே எடுத்துக்கொள்வோம். விசில் வரும் நேரத்தில் உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ அழுத்தம் இருக்கும். 20 செ.மீ விட்டமுள்ள மூடி என்றால், மொத்தம் 300 கிலோவுக்கு மேல்!

7 உயிர்களைப் பறித்த வளையம்

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. 7 பேர் பலியானார்கள். ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகி, இடைவெளியை அடைக்கத் தவறியதுதான் காரணம். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மேன், அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாததை எல்லோர் முன்னிலும் காட்டினார்.

வீட்டில் கவனிக்க...

* தளர்ந்த குக்கர் கேஸ்கட்டை ஃப்ரீசரில் வைப்பது தற்காலிக வழிதான். சூடானதும் மறுபடி தளர்ந்துவிடும்.
* விரிசல் விட்டாலோ, விறைத்துப்போனாலோ உடனே மாற்றுங்கள். உங்கள் குக்கரின் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள்.
* கேஸ் சிலிண்டர் வாங்கும்போது, வால்வுக்குள் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா எனக் கொண்டுவருபவரையே பரிசோதிக்கச் சொல்லுங்கள். கசிவு தெரிந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை குக்கர் மூடும்முன், அந்த வளையத்தை ஒருமுறை வளைத்துப் பாருங்கள்!