பழைய காருக்குப் புது "இதயம்"! ஆர்.சி. புத்தகத்தில் ஏறாவிட்டால் வீண் வம்பு!

ஓசூர்:-

"காரு அப்பா வாங்கினது. என்ஜின்தான் போயிடுச்சு. விக்க மனசு வரல!"

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பலரின் நிலைமை இதுதான். 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. எனவே புது என்ஜின் ஏற்றி ஓட்டலாமா என்ற ஆசை வருகிறது. லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஓசூரில் இது முடியாத காரியம் அல்ல. ஆனால் வம்பு காத்திருப்பது பட்டறையில் அல்ல, ஆர்.டி.ஓ. ஆபீசில்! இதுபற்றிய விவரம் வருமாறு:-

கம்பெனியே மாற்றியது

அம்பாசிடரில் நீண்ட காலம் ஓடியது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். 1992-ல் கம்பெனியே 1817 சி.சி. இசுசு என்ஜினைப் பொருத்தி, 5 கியருடன் விற்றது. பழைய வண்டிக்காரர்கள் பலருக்கும் அந்த என்ஜின் மீதுதான் கண். கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்கு மேட்டில் ஏறும்போது "தம்" வேண்டாமா?

தூக்கி வைத்தால் போதுமா?

போதாது. என்ஜின் உட்காரும் மவுண்டிங்கை மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் அருகே இருந்த கியர் கம்பி தரைக்கு வரும். புரொப்பல்லர் ஷாப்டின் நீளத்தைச் சரிசெய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கிடுகிடுவென ஆடும்!

பழைய கியர் பாக்சில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் போட்டால் "கர்ர்ர்" என்று அலறும். இது பழுது என்று எண்ணி அதை மாற்றத் தேவையில்லை. தேய்ந்த பேரிங், சின்க்ரோ ரிங், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றினாலே பல பெட்டிகள் பிழைத்துவிடும்.

14 நாள் கெடு

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, மாற்றம் செய்யும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும். செய்தபின் 14 நாளில் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வேண்டும். வேறு ரக என்ஜினுக்கு அனுமதி கிடைத்தே தீரும் என்று நம்ப முடியாது. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. கர்நாடகப் பதிவு கொண்ட காரை வாங்கி, 12 மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அப்போது என்ஜின் நம்பரும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் காரியம் அம்பேல்! காயலான் கடையில் என்ஜின் வாங்குவோர் ரசீதும், அது எந்த வண்டியுடையது என்ற ஆதாரமும் கேட்டு வாங்குவது நல்லது. திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் போலீஸ் நிலையம் வரை போக நேரிடும்.

50 வயது யோகம்

2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு "விண்டேஜ்" பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். 10 ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் மாறாமல் அசலாக இருக்க வேண்டும். 1970-களில் வாங்கிய அம்பாசிடர்களுக்கு இப்போது அந்த வயது வந்துகொண்டிருக்கிறது. என்ஜினை மாற்றினால் அந்த யோகம் போச்சு!

ஆகவே, முதலில் பழைய என்ஜினைப் பிரித்து, போரிங் செய்து ஓட வைக்க முடியுமா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். மாற்றியே தீர வேண்டுமானால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மனு எழுத பேனாவை எடுங்கள். கழற்றிய அசல் என்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!