சாவியைத் திருப்பும்போது அளந்து பாருங்கள்

கார் கிளம்பாத காலையில் மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "செல்ஃப் அடிக்குதா, இல்லையா?" பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. செல்ஃப் சுற்றவே இல்லை, 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு சரி என்றால் பேட்டரி, வயர், எர்த், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று தேட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி வரவில்லை. டீசல் வண்டிக்குப் பொறி விவகாரமே கிடையாது. ஆனால் முதல் பாதி அதற்கும் பொருந்தும்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கறுப்பு வயர் 'காம்' துளையில், சிவப்பு வயர் வோல்ட், ஓம் குறி போட்ட துளையில், திருகு டி.சி. 20 வோல்ட்டில். சிவப்பை மறந்துபோய் 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகிவிடும். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் பியூஸ்கூட இருக்காது.

இரவெல்லாம் சும்மா நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. என்னை ஏமாற்றியதும் இதுதான்.

என் பழைய பெட்ரோல் கார் ஒருமுறை செல்ஃப் எடுக்காமல் நின்றது. மீட்டரில் 12.6. சும்மா நிற்கும்போது நன்றாகக் காட்டினாலும் சுமை ஏறினால் பேட்டரி படுத்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்ததால், புது பேட்டரியே வாங்கிப் போட்டுவிட்டேன். அப்போதும் அதே 'டக்'. கடைசியில் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "இப்ப சாவியத் திருப்புங்க சார்" என்றார். இரண்டுமே எர்த்தான், நடுவில் வோல்ட்டேஜ் எதுவும் இருக்கக் கூடாது. மீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலிருந்த எர்த் பட்டை உள்ளுக்குள் பூத்துப் போயிருந்தது.

அந்தப் பட்டையை ஓம் அளவில் சோதித்திருந்தால் 'பீப்' என்று நல்ல பெயர் வாங்கியிருக்கும். காரணம் எளிய கணக்கு. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். நம் மீட்டருக்கோ அதன் வயர்களின் தடையே 0.2 ஓம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை அது எப்படிப் பார்க்கும்? ஆகவே தடையைத் தேடாதீர்கள். மின்சாரம் ஓடும்போது வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேல் நிற்கிறது, செல்ஃப் மட்டும் மந்தம் என்றால் வழியில் இழப்பு. எர்த் பக்கம் 0.2 வோல்ட், பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த டெர்மினல் வரை 0.5 வோல்ட்: இதற்கு மேல் விழுந்தால் அந்தப் பாதையில் ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. பாதி வண்டிகளில் டெர்மினலைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே சரியாகிவிடும்.

இனி பொறி. ஒரு சுவையான செய்தி: 1910-ம் ஆண்டு காடிலாக் காரில் வந்த பேட்டரி இக்னிஷனும், 1912-ல் அதே கம்பெனிக் காரில் வந்த எலக்ட்ரிக் செல்ஃபும் சார்லஸ் கெட்டரிங் என்ற ஒரே அமெரிக்கரின் கைவேலை. நம் காலை நேரத் தலைவலி இரண்டுக்கும் மூலவர் ஒருவரே.

பொறியை உண்டாக்கும் காயிலுக்குள் இரண்டு சுருள்கள். சில நூறு சுற்று கொண்ட தடித்த சுருளில் 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்து சட்டென்று அறுபடும்போது, பல ஆயிரம் சுற்று கொண்ட மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி பிளக் முனையில் பொறியாகப் பாய்கிறது. பொறி பாயும்போது அந்தப் பக்கம் மீட்டரைக் கொண்டுபோகவே கூடாது. அது 600 அல்லது 1,000 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது; மீட்டரும் போகும், கையும் அதிரும்.

முதலில் காயிலுக்குப் பேட்டரியின் வோல்ட்டேஜ் வருகிறதா என்று, இங்கேயும் செல்ஃப் அடிக்கும்போதே பாருங்கள். வரவில்லையென்றால் பியூஸ், ரிலே. வந்தால் சாவியை எடுத்துவிட்டு, காயிலின் இணைப்பைக் கழற்றி ஓம் அளவுக்கு மாறலாம். தடித்த சுருள் வண்டிக்கு ஏற்ப அரை ஓமிலிருந்து 3 ஓம் வரை காட்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒட்டவைத்தால் காட்டும் எண்ணை இதில் கழித்துவிட வேண்டும். மெல்லிய சுருள் சில ஆயிரத்திலிருந்து சுமார் 15,000 ஓம் வரை. சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பிளக்கின் தலைமேலேயே உட்காரும் இன்றைய காயில்கள் பலவற்றில் மின்னணுச் சுவிட்சும் உள்ளேயே இருப்பதால் ஓம் சோதனை அவற்றிடம் செல்லாது.

ஓம் சரியாக இருந்தால் காயில் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மீட்டர் தன் 9 வோல்ட் பேட்டரியைக் கொண்டு குளிர்ந்த காயிலைச் சோதிக்கிறது. இன்ஜின் சூடாகி, பல்லாயிரம் வோல்ட் ஏறும்போது இன்சுலேஷனில் விழும் வெடிப்பு அதற்குத் தெரியாது. அரை மணி நேரம் ஓடியபின் மிஸ் அடிக்கும் வண்டியை, மிஸ் அடிக்கும்போதே நிறுத்திச் சூட்டோடு அளக்க வேண்டும். அதிலும் பிடிபடாவிட்டால் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அதுதான்.

பிளக் வயர் இருக்கும் வண்டியில் எல்லா வயரையும் அளந்து, நீளத்துக்குப் பொருந்தாமல் ஒன்று மட்டும் எகிறுகிறதா என்று பார்க்கலாம். அளக்கும்போதே வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். உள்ளே அறுந்திருந்தால் எண் குதிக்கும்.

எல்லாக் காயிலுக்கும் வோல்ட்டேஜ் வந்தும் எதிலுமே பொறி இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைப் பார்க்க வேண்டும். இரண்டு வயர் கொண்ட காந்த வகை என்றால் இணைப்பைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். சிறு வோல்ட்டேஜாவது துடிக்க வேண்டும். மூன்று வயர் வகையில் ஓம் அளக்கவே வேண்டாம். சோதனை என்ற பெயரில் நிமிடக்கணக்கில் செல்ஃப் அடிக்கவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

வண்டி கிளம்பியதும் மீட்டரைப் பையில் போட்டுவிடாமல், இன்ஜின் ஓடும்போது இன்னொரு தடவை பேட்டரி முனைகளில் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். ஹெட்லைட்டையும் ஏ.சி.யையும் போட்டபின் 13-க்குக் கீழே சரிகிறது என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரி கையிருப்பில்தான் வண்டி ஓடுகிறது. நாளைக் காலையில் மெக்கானிக்குக்கு மறுபடியும் போன் போட வேண்டியிருக்கும்.