சீமை நாயுருவியில் ஒரு சிட்டு

செவ்வரத்தைப் பூவில் தொங்கும் தேன்சிட்டைக் காட்டி, ‘இதுவே ரீங்காரச் சிட்டு’ என்று மாணவர்க்குக் கூறுவோர் இன்னும் நம்மிடையே உளர். நீண்ட அலகும் மின்னும் நிறமும் தந்த மயக்கம் அது. தேன்சிட்டு பழைய உலகத்துப் பறவை. ரீங்காரச் சிட்டோ இன்று அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றைச் சார்ந்த தீவுகளையும் விட்டு வேறெங்கும் வாழாத ஒரு குலம். 360க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடங்கும். அதன் நெருங்கிய உறவு, மாலை வானில் அரிவாள் போன்ற இறகுகளோடு விரையும் உழவாரனே. மலர்த்தேனை நாடும் ஒரே தேவை, உறவில்லாத இரு குலங்களை ஏறக்குறைய ஒரே வடிவுக்குக் கொணர்ந்து விட்டது.

இக்குலத்தை அதன் சொந்த மண்ணிலே காணும் வாய்ப்பு 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் எனக்குக் கிட்டியது. வெனிசுவேலாக் கரைக்கு அண்மையிலுள்ள திரினிடாட் தீவில், வடமலைத் தொடரின் அரிமாப் பள்ளத்தாக்கில், பழைய கொக்கோ, கோப்பித் தோட்டம் ஒன்று 1967 முதல் பறவைகளின் புகலிடமாக இருந்து வருகிறது. 1962இல் சுதந்திரம் பெற்றபோது தன் அரச இலச்சினையிலேயே ரீங்காரச் சிட்டைப் பொறித்துக்கொண்ட நாடு அது. நான் சென்றது வரட்சிக் காலம். கொக்கோவுக்கு நிழல் தர நட்ட முருக்க மரங்கள் மலைச்சரிவெங்கும் செம்மஞ்சளாகப் பூத்திருந்தன. ‘கொக்கோவின் தாய்’ என்று ஸ்பானிய மொழியில் அவற்றுக்குப் பெயர். நாம் கல்யாண வீட்டில் கன்னிக்காலாக நடும் முள்முருக்கின் இனம் என்று அறிந்தபோது, அந்தக் காடு எனக்குச் சற்று உறவாகிவிட்டது.

உடன் வந்தோர் குகையில் வாழும் எண்ணெய்ப் பறவையைக் காணச் சென்றனர். நான் போகவில்லை. விறாந்தையின் கீழே வேலிபோல வளர்ந்திருந்த சீமை நாயுருவிச் செடிகளே எனக்குப் போதுமாயிருந்தன. நம் ஊர் வீதியோரத்தில் களையென்று பிடுங்கி எறியும் அதே செடிதான். அமெரிக்க மண்ணிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. நீண்ட கதிரில் நாளுக்குச் சில ஊதாப் பூக்களே விரியும். அந்தச் சில பூக்களுக்காக அங்கே நடக்கும் போரைப் பார்த்தவர் ரீங்காரச் சிட்டைச் சாதுவென்று சொல்லார். செப்பு நிறப் பின்புறமுடைய ஒரு சிட்டு செடியின் உச்சியில் காவல் இருந்தது. நீலத் தலையும் வெண்பிடரியும் கொண்ட தன்னிலும் பெரிய சிட்டு வந்தபோதும் அஞ்சாமல் பாய்ந்து துரத்தியது.

அந்தக் காவலையும் மீறி ஒரு தேனீ செடியின் உட்புறத்தில் பூப்பூவாக நகர்ந்துகொண்டிருந்தது. தேனீயென்றே காவற்சிட்டும் எண்ணியதோ என்னவோ, அதைப் பொருட்படுத்தவில்லை. தொலைநோக்கியை உயர்த்தினேன். செம்பழுப்புக் கொண்டை, கழுத்தின் இருபுறமும் நுனியில் பச்சைப் புள்ளி வைத்த நீண்ட செவ்விறகுகள், பின்புறத்தின் குறுக்கே ஒரு வெண்பட்டை. அதுதான் கொக்கெற் என்னும் சிட்டு. நீளம் ஏறத்தாழ 6.6 சதமமீற்றர்; எடை இரண்டு கிராமுக்குச் சற்றே மேல். ஓர் ஊர்க்குருவிக்கு நிறுத்துச் சமன்செய்யப் பத்துக் கொக்கெற்றுகள் வேண்டும்.

மற்றச் சிட்டுகள் அம்புபோலப் பாய, இது மட்டும் வண்டின் நிதானத்தோடு, வாலைச் சற்று உயர்த்தி மெல்ல மிதக்கிறது. பெரியவர்களின் பூக்களைத் திருடி உண்ணும் எளியவனுக்கு இதைவிட நல்ல வேடம் கிடையாது. வேடம் எப்போதும் பலிப்பதுமில்லை. இருமுறை காவற்சிட்டு இறங்கி வந்தது. இருமுறையும் இச்சிறு உயிர் இலைகளுக்குள் மறைந்து, சில நிமிடங்களில் மீண்டும் அதே கதிருக்கு வந்தது.

வராமல் இருக்க அதனால் இயலாது. செக்கனுக்குப் பல பத்துத் தடவை சிறகடித்து அந்தரத்தில் நிற்பதற்கு எரிபொருள் இடையறாது வேண்டும். பிற பறவைகள் சிறகைக் கீழ்நோக்கி அடிக்கையிலேயே பெரும்பாலும் உடலைத் தாங்குகின்றன. ரீங்காரச் சிட்டு மேல்நோக்கி மீட்கையிலும் எடையில் ஏறத்தாழ காற்பங்கைத் தாங்குகிறது. அதன் நாக்கு மெல்லிய குழாய்போலத் தேனை ஈர்க்கிறது என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். 2011இலும் 2015இலும் வெளியான ஆய்வுகள் அதை மாற்றின: பிளவுண்ட நாநுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வருகையில் மூடிக்கொள்கிறது, அலகில் நசுங்கிய நாவின் பள்ளங்கள் தேனைத் தொட்டதும் விரிந்து அதை உள்ளிழுக்கின்றன. உணவு கிட்டாத இரவிலோ இக்குலத்துப் பறவைகள் பல, ஏறத்தாழ 40 பாகையிலுள்ள உடல்வெப்பத்தைப் பாதியளவுக்குத் தாழ்த்தி, மரத்துப்போய்க் கிடந்து விடியலில் உயிர்த்தெழுகின்றன.

கொக்கெற் என்பது பகட்டும் குலுக்கும் மிக்க பெண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெயர் வைத்தவர்களின் வேடிக்கையை என்னென்பது! பகட்டெல்லாம் ஆணுக்கே, பெண்ணுக்குக் கொண்டையுமில்லை, கழுத்திறகுமில்லை. அந்தப் பகட்டே இக்குலத்துக்கு வினையாகவும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்க, திரினிடாட்டிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ரீங்காரச் சிட்டுகளின் தோல்கள் கப்பல் கப்பலாகச் சென்றன.

மாலையில் பெண் கொக்கெற் வந்தது. பூக்களில் சில கணமே நின்றது. பின் விறாந்தைத் தூணருகே சிலந்தி வலை ஒன்றின் முன் அந்தரத்தில் நின்று, ஓர் இழையை அலகால் பற்றி இழுத்தது. இழை நீண்டதே தவிர அறவில்லை. மறுபடி இழுத்தது. மூன்றாம் முறை இழை அதன் கையிருப்பாயிற்று. கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் அவள் ஒருத்தியின் பாடு. அந்தச் சிறு கிண்ணத்தைக் கிளையோடு பிணைப்பது இந்த நூல்தான். அலகின் நுனியில் அது வெயிலில் மினுங்க, முருக்க மரங்களைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் பக்கமாக அவள் பறந்தாள்.