சேற்றில் இருந்தும் நெல்லுக்கு எட்டாத துத்தநாகம்

மெர்போக்கிலிருந்து யான் பக்கம் பேருந்தில் போயிருக்கிறீர்களா? ரப்பர் மரங்கள் பின்னால் போனதும், ஜெராய் மலையடிவாரத்திலிருந்து கடலோரம் வரை நெல் வயல்கள் விரியும். மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் செயல்படத் தொடங்கிய பிறகு இங்கே ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. தண்ணீர், சேறு, உரம், வெயில் எல்லாம் இருக்கும் இப்படிப்பட்ட வயலில் நிற்கும் பயிருக்கு என்ன குறை வந்துவிடும்?

இதே கேள்வி 1960-களில் வட இந்தியாவிலும் எழுந்தது. இமயமலை அடிவாரத்தில் உள்ள தராய்ப் பகுதியில், நடவு முடிந்த சில வாரங்களில் நெல் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. பயிர் வளராமல் குட்டையாக நின்றது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியின் நிறம் இலையில் தெரிந்ததால் விவசாயிகள் அதைக் ‘கைரா’ என்றார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே 1966-இல் அதற்கான காரணத்தை வெளியிட்டார். அது கிருமியால் வந்த நோய் அல்ல, துத்தநாகக் குறை. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்பு நீரோடு கலந்து தெளித்தபோது பயிர் தேறியது.

எவ்வளவு தேவை?

மிகக் கொஞ்சம்தான். ஒரு கிலோ உலர்ந்த நெற்பயிரில் துத்தநாகம் 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் குறையின் அறிகுறிகள் தோன்றலாம். அளவு சிறிதானாலும் வேலை பெரிது. பல நொதிகள் துத்தநாகம் இல்லாமல் இயங்காது. வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் உருவாகவும் அது வேண்டும். பயிர் குட்டையாக நிற்பது இதனால்தான்.

வேரின் வாசல்

துத்தநாகம் நேர்மின் அயனியாக, மண்ணின் நீரில் கரைந்த நிலையில் வேரை அடைகிறது. வேர்த்தூவிகள் அதைத் தொட்டாலும் அது தானாக உள்ளே போய்விடாது. உயிரணுச் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் கொண்ட அயனியை அது விடாது. எனவே சவ்வில் வாசல்கள் உள்ளன. அவை ‘ஸிப்’ எனும் குடும்பத்தைச் சேர்ந்த கடத்திப் புரதங்கள். துத்தநாகம் குறைந்தால் தாவரம் இந்த வாசல்களை அதிகமாக உருவாக்கும்.

அயனியை உள்ளே இழுப்பது எது? உயிரணு ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அதனால் உட்புறம் எதிர்மின் தன்மை பெறுகிறது. நேர்மின் கொண்ட துத்தநாகம் அந்தப் பக்கம் ஈர்க்கப்படுகிறது.

அடுத்த தடை அகத்தோல். அங்குள்ள காஸ்பாரியன் பட்டை, உயிரணுக்களுக்கு இடையே உள்ள வழியை அடைத்துவிடுகிறது. உயிரணுக்களுக்குள் புகுந்தவைதான் மேலே போக முடியும். தேவைக்கு மேற்பட்ட துத்தநாகம் வாக்குவோலில் பூட்டி வைக்கப்படும்; ஏனெனில் அதிகமானால் அது நஞ்சு. மீதியை ‘எச்.எம்.ஏ.’ எனும் பம்புப் புரதங்கள், மீண்டும் ஏ.டி.பி. செலவில், சைலத்துக்குள் ஏற்றுகின்றன. அதன்பின் நீராவிப்போக்கின் இழுவையில் நீரோடு சேர்ந்து துத்தநாகம் இலைக்குப் போகிறது.

அப்படியானால் கைரா ஏன் வந்தது?

மண்ணில் இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு. சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண்ணில் துத்தநாகம் கரையாமல் மண் துகள்களைப் பற்றிக்கொள்ளும். வயலில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்தால் சல்பைடு உருவாகி, துத்தநாகத்தைக் கரையாத பொருளாக மாற்றிவிடும். பாஸ்பேட் உரம் மிஞ்சினாலும் குறை மோசமாகும். பயிர் வாடுகிறதே என்று இன்னொரு மூட்டை உரம் போடுவது எப்போதும் சரியான விடை ஆகாது. சில வேளைகளில் வயலின் நீரைச் சில நாள் வடியவிடுவதே உதவும்.

வயலின் குறை தட்டிலும் தெரியும். 1960-களில் ஈரானிலும் எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்த இந்திய வம்சாவளி மருத்துவர் ஆனந்த பிரசாத், மனிதருக்கும் துத்தநாகக் குறை வரும் என்று காட்டினார். தீட்டிய அரிசியில் துத்தநாகம் குறைவு. மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவை சோற்றுக்குத் துணை வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்

இரண்டு காசித்தும்பைச் செடிகளை எடுங்கள். ஒன்றின் தண்டை நறுக்கிச் சிவப்புச் சாய நீரில் வையுங்கள். மற்றொன்றை வேர் அறுபடாமல் கழுவி, அதே நீரில் வையுங்கள். எதில் முதலில் நிறம் ஏறுகிறது? இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை, இன்று படித்த வேரின் வாசலை வைத்து நான்கு வரியில் எழுதுங்கள். படிவம் 5 உயிரியல் தேர்வுக்கும் அது கைகொடுக்கும்.